பீடத்துக்குப் போகும் வழி: எபிஸ்கோப்பல் திருச்சபையில் குருவாவது யார்?



புரட்சியாளர் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவில் அமெரிக்கப் பாதிரிமார்களைப் பற்றி என்ன பேச்சு என்று அழைப்பிதழைப் பார்த்துவிட்டுச் சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம்மில் சிலர் சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவர்கள், சிலர் பௌத்தம் ஏற்றவர்கள், பலருக்கு எந்த மதத்தோடும் ஒட்டில்லை. ஆனால் பூசாரி என்பவர் யார், அவரை யார் நியமிக்கிறார், யார் கூடாது என்று எவர் முடிவு செய்கிறார் என்ற கேள்வியிலிருந்து நம்மில் ஒருவரும் தப்பியதில்லை.

அம்பேத்கரும் அதை விட்டுவிடவில்லை. லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் நடத்த இருந்த மாநாட்டுக்காக அவர் எழுதி, மாநாடே கைவிடப்பட்டதால் பேசப்படாமல் போய், 1936-ல் தாமே அச்சிட்டு வெளியிட்ட உரை 'சாதி ஒழிப்பு'. நாம் பலமுறை வாசித்த நூல்தான். ஆனால் அதன் பிற்பகுதியில் புரோகிதம் பற்றி அவர் வைத்த திட்டத்தை வாசித்துவிட்டு அப்படியே கடந்துவிடுகிறோம். புரோகிதத்தை ஒழித்துவிடுவதே நல்லது, முடியாதென்றால் பிறப்பால் வருவதையாவது நிறுத்த வேண்டும் என்கிறார். இந்து என்று சொல்லிக்கொள்ளும் எவரும் புரோகிதராகலாம். அரசு தேர்வு வைக்க வேண்டும், தேறியவருக்குச் சனத் தர வேண்டும், சனத் இல்லாதவர் சடங்கு செய்தால் தண்டிக்க வேண்டும். புரோகிதர் அரசு ஊழியராக இருக்க வேண்டும், எத்தனை பேர் வேண்டும் என்பதைச் சட்டமே வரையறுக்க வேண்டும். ஐ.சி.எஸ். அதிகாரிகளுக்கு எப்படியோ அப்படி.

பிறப்பை விட்டுவிட்டு, படிப்பு, தேர்வு, எழுத்திலுள்ள விதி ஆகியவற்றின் வழியாகக் குருவை உருவாக்கும் அமைப்புகள் உலகில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து, அது எப்படி இயங்குகிறது, எங்கே அடைபட்டது என்று பார்க்கலாம் என்பதே இன்றைய உரை. அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் திருச்சபையைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. அதன் விதிகள் நுணுக்கமாக எழுதப்பட்டவை. அடிமைகளை வைத்திருந்தவர்களும் அடிமைகளும் ஒரே கூரைக்கடியில் (ஒரே தளத்தில் அல்ல, அடிமைகளுக்குப் பால்கனி) வழிபட்ட சபை அது. பெண்கள் அங்கே நடத்திய போராட்டம் வாக்கு எண்ணிக்கை வரை பதிவாகியிருக்கிறது. 1947-ல் உருவான நம் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்து சேர்ந்த ஆங்கிலிக்கன் கிளையும் இதுவும் ஒரே மரத்தவை.

'எபிஸ்கோபோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேற்பார்வையிடுபவர் என்று பொருள். பழைய தமிழ் வேதாகமம் அதைக் 'கண்காணி' என்று மொழிபெயர்த்தது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணி நினைவுக்கு வந்தால் அது நம் குற்றமில்லை. பேராயர்களைக் கொண்டு நடக்கும் சபை என்பதே எபிஸ்கோப்பல் என்ற பெயரின் பொருள். அமெரிக்கா விடுதலை பெற்றதும் அங்கிருந்த இங்கிலாந்துச் சபையினருக்கு ஒரு சிக்கல் வந்தது. பேராயர் பட்டம் பெற இங்கிலாந்து மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். சாமுவேல் சீபரி என்பவர் ஸ்காட்லாந்துக்குப் போய், 1784-ல் அபர்டீனில் பட்டம் வாங்கி வந்தார். தேவை வந்தால் விதிக்குச் சுற்றுவழி கண்டுபிடிக்கத் தெரிந்த சபைதான் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம். மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடும் பொதுப் பேரவையே அதன் சட்டமன்றம். அதில் பேராயர்கள் ஓர் அவை, குருமாரும் சபையாரும் சம எண்ணிக்கையில் உட்காரும் பிரதிநிதிகள் மற்றோர் அவை.

இனி வழிக்கு வருவோம். எபிஸ்கோப்பல் சபையில் ஒருவர் தாமாக இறையியல் கல்லூரியில் சேர்ந்து படித்துத் தேறிக் குருவாகிவிட முடியாது. 'எனக்கு அழைப்பு வந்திருக்கிறது' என்று அவர் உணர்வது முதல் படி. அதைத் தம் சபைக் குருவிடம் சொல்ல வேண்டும். குரு சிலரைச் சேர்த்து ஒரு குழு அமைப்பார். மாதக்கணக்கில் கூடி, அது உண்மையான அழைப்பா, வேறு ஏதாவது ஏக்கமா, குருப்பணியா, சபையாராகவே செய்யக்கூடிய வேறு பணியா என்று அவரோடு சேர்ந்து ஆராய்வார்கள். பிறகு சபை அவரைப் பேராயருக்குப் பரிந்துரைக்க வேண்டும். பரிந்துரைக் கடிதத்தில் குருவும், 'வெஸ்ட்ரி' எனப்படும் சபை நிர்வாகக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினரும் கையெழுத்திட வேண்டும். நம் ஊர் பாஸ்டரேட் கமிட்டி மாதிரிதான் வெஸ்ட்ரியும். அவருடைய பயிற்சிக்குப் பணம் தந்து உதவுவதாகவும் சபை அந்தக் கடிதத்தில் உறுதி கூற வேண்டும். ஆக, முதல் கதவின் சாவி அண்டை அயலாரிடம் இருக்கிறது. கூடவே உட்கார்ந்து பாடுகிறவர்கள், அவர் அப்பாவை அறிந்தவர்கள், அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

அடுத்தது திருமண்டலம். குருக்களும் சபையாரும் அடங்கிய திருப்பணி ஆணையம் அவரை நேர்காணும். காவல்துறைப் பதிவு முதலான பின்னணிச் சோதனை, மருத்துவப் பரிசோதனை, மனநலப் பரிசோதனை எல்லாம் நடக்கும். எல்லாம் சரியென்றால் பேராயர் அவரை 'போஸ்டுலன்ட்' ஆக ஏற்பார், அதாவது விண்ணப்ப நிலை. அன்றிலிருந்து ஆண்டுக்கு நான்கு முறை, எம்பர் வாரங்கள் என்னும் பழைய உபவாச நாட்களில், அவர் பேராயருக்குக் கடிதம் எழுத வேண்டும். படிப்பு எப்படிப் போகிறது, ஜெப வாழ்க்கை எப்படி இருக்கிறது, மனசு எப்படி இருக்கிறது என்று. பிறகு 'கேண்டிடேட்' நிலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குத் திருமண்டல நிலைக்குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஒவ்வொரு படியிலும் 'இல்லை' என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு.

படிப்பு பொதுவாக மூன்றாண்டு இறையியல் முதுகலை. வேதாகமம், திருச்சபை வரலாறு, இறையியல், அறவியல், வழிபாடு, திருப்பணி நடைமுறை என ஆறு துறைகளில் தேர்ச்சி வேண்டும். பாலியல் முறைகேட்டைத் தடுக்கும் பயிற்சியும், இனவெறி பற்றிய சபையின் போதனையில் பயிற்சியும் கட்டாயம். மருத்துவமனைகளில் நோயாளிகள் பக்கத்தில் இருந்து பெறும் பயிற்சி ஒன்றையும் பெரும்பாலான திருமண்டலங்கள் கேட்கின்றன. புத்தகத்தில் மேய்ந்த இறையியல் ஒரே இரவில் உதிர்ந்துபோகும் இடம் அதுதான். இறுதியாண்டில், ஜனவரி மாதத்தில், பொதுக் குருப்பட்டத் தேர்வு. விடைத்தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எழுதியவர் கறுப்பரா வெள்ளையரா, ஆணா பெண்ணா என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. ஆனால் இதைக் கவனியுங்கள்: அந்த மதிப்பெண்ணை வைத்து என்ன செய்வது என்று தீர்மானிப்பது திருமண்டலம். தேர்வு ஆலோசனை சொல்லும், கதவைத் திறக்காது. இதே விதிகள் கல்லூரிக்குப் போகாமல் உள்ளூரிலேயே பயிற்சி பெறவும் இடம் தருகின்றன. குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு வேறு நகரத்துக்குப் போய் மூன்றாண்டு கடனில் படிக்க முடியாதவர்களுக்கு அது பெரிய விஷயம்.

பிறகு பட்டம். குறைந்த வயது 24. முதலில் டீக்கன், அதாவது உதவிகுரு. அதிலிருந்து குறைந்தது ஆறு மாதமும், பரிந்துரையை ஏற்றுக்கொண்டு எழுதித் தந்த நாளிலிருந்து குறைந்தது 18 மாதமும் ஆன பிறகு குரு. பலருக்கு மொத்தப் பயணமும் இதைவிட நீளம். பட்டமளிப்பு ஆராதனையில் பேராயர் கூடியிருக்கும் மக்களைப் பார்த்து, இவர் குருவாவது உங்கள் விருப்பமா, இவருக்குத் துணை நிற்பீர்களா என்று கேட்பார். மக்கள் ஆம் என்று சொன்ன பிறகே பேராயரும் அங்குள்ள குருமாரும் அவர் தலைமேல் கைகளை வைப்பார்கள். அந்தக் கணத்திலிருந்து அவர் அப்பத்தையும் இரசத்தையும் ஆசீர்வதிக்கலாம், பாவமன்னிப்பு அறிவிக்கலாம். பதவிக்கென்றே ஓர் ஈர்ப்பாற்றல் உண்டு, அது ஆளைச் சாராமல் கைமாறும் என்று மாக்ஸ் வெபர் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. சமூகவியல் வகுப்பு போதும், நிறுத்திக்கொள்கிறோம்.

சபை, வெஸ்ட்ரி, ஆணையம், பேராயர், நிலைக்குழு, கல்லூரி என்று இந்த வழியில் எத்தனை பேரின் சம்மதம் தேவைப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். சமூகம் சேர்ந்து ஒருவரை அடையாளம் காண்பது அழகான ஏற்பாடுதான். அந்தச் சமூகத்தின் மனசில் ஏற்கனவே ஓர் ஏணி இருந்தால்? வரலாறு இங்கே பேசட்டும்.

அப்சலாம் ஜோன்ஸ் 1746-ல் டெலவேரில் அடிமையாகப் பிறந்தவர். முதலில் உழைத்துத் தம் மனைவிக்கு விடுதலை வாங்கினார். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம், அதனால் அந்த வரிசை. 1784-ல்தான் அவருக்கே விடுதலை. பிலடெல்பியாவில் ஒரு மெதடிஸ்ட் சபையில் கறுப்பர்களை ஜெபத்தின் நடுவில் எழுப்பி மாடிக்குப் போகச் சொன்னபோது, ரிச்சர்ட் ஆலனும் இவரும் மற்றவர்களோடு வெளியே நடந்தார்கள். 1794-ல் புனித தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோப்பல் சபை உருவானது, ஜோன்ஸ் அதன் தலைவரானார். குருப்பட்டத்துக்குக் கிரேக்கமும் லத்தீனும் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி. எழுத்துக் கற்கவே திருட்டுத்தனமாக நேரம் தேட வேண்டியிருந்த அடிமைக்கு லத்தீன் எங்கிருந்து வரும்? திருமண்டலம் விதியைத் தளர்த்தியது. அதற்கு ஒரு விலையும் வைத்தது. அந்தச் சபை திருமண்டலப் பேரவைக்குக் குருவையோ பிரதிநிதிகளையோ அனுப்பக் கூடாது. ஜோன்ஸ் 1795-ல் டீக்கன் ஆனார், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவும் ஆனார். அவர் சபைக்குப் பேரவையில் இடம் கிடைத்தது 1860-களில்தான். பட்டம் தருகிறோம், வாக்குத் தரமாட்டோம் என்பது அந்த ஒப்பந்தம்.

இதைப் படிக்கும்போது நமக்குத் தரங்கம்பாடி நினைவுக்கு வராமல் இருக்காது. அது லுத்தரன் மிஷன், வேறு சபை. என்றாலும் கதை நம்முடையது. தஞ்சை அரசரின் படையில் இருந்து, பின் உபதேசியாராகிப் பல குடும்பங்களைச் சபைக்குக் கொண்டுவந்தவர் ராஜநாயக்கன். பறையர். 1741-ல் நாட்டு ஆயர் ஒருவருக்குப் பட்டம் கொடுக்க வேண்டியபோது அவர் பெயரும் வந்தது. அவர் கையால் திருவிருந்து வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் கருதினார்கள். பட்டம் தியோகு என்ற வேறொருவருக்குப் போனது. ராஜநாயக்கனின் தகுதியை எவரும் மறுக்கவில்லை. அப்பத்தைத் தொடும் கை எது என்பதுதான் கேள்வி.

மறுபடி நியூயார்க். அலெக்சாண்டர் கிரம்மெல் 1839-ல் அங்கே ஜெனரல் இறையியல் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். கறுப்பர் என்பதால் மறுக்கப்பட்டார். பேராயர் பெஞ்சமின் ஒண்டர்டோங்க் மனு கொடுத்தவரையே கண்டித்து அனுப்பினார். கிரம்மெல் பிலடெல்பியா பக்கம் போனார். அங்கே பேராயர் இவருடைய அண்ணன். கறுப்புக் குரு எவரும் பேரவையில் உட்காரக் கூடாது, கறுப்புச் சபை எதுவும் பிரதிநிதித்துவம் கேட்கக் கூடாது, சம்மதமென்றால் வரலாம் என்றார் அண்ணன். ஜோன்ஸுக்கு வைத்த அதே விலை. கிரம்மெல் அந்த நிபந்தனையோடு உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். 1844-ல் வேறு வழியாகக் குருப்பட்டம் பெற்றார், 1853-ல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார், லைபீரியாவில் நீண்ட காலம் பணியாற்றினார். டபிள்யூ. இ. பி. டூ போய்ஸ் தம் 'கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்' நூலில் அவருக்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். அதே டூ போய்ஸுக்குத்தான் 1946-ல் அம்பேத்கர் கடிதம் எழுதி, ஐ.நா. சபைக்குக் கறுப்பர்கள் அனுப்பிய மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். நாம் நெருங்கிப் படிக்க வேண்டிய மனிதர்கள் ஒருவரையொருவர் ஏற்கனவே தேடிப் படித்திருக்கிறார்கள்.

கல்லூரிகளின் கதையைச் சுருக்கிவிடலாம். வர்ஜீனியா இறையியல் கல்லூரி முதல் கறுப்பு மாணவரைச் சேர்த்தது 1951-ல். அதுவரை அவர்களுக்குப் பீட்டர்ஸ்பர்க்கில் தனிக் கல்லூரி, நம் ஊரில் தனிக் கல்லறைத் தோட்டம் இருந்தது மாதிரி. டென்னசியின் சூவானி இறையியல் பள்ளி 1952-ல் கறுப்பரைச் சேர்க்க மறுத்தபோது ஆசிரியர்கள் எட்டுப் பேர் ராஜினாமா செய்தார்கள், அடுத்த ஆண்டு கதவு திறந்தது. 2019-ல் வர்ஜீனியா கல்லூரி 17 லட்சம் டாலர் இழப்பீட்டு நிதி அமைத்து, அங்கே அடிமையாகவும் பிற்காலத்தில் கூலியாகவும் உழைத்தவர்களின் வழிவந்தோருக்குப் பின்னர்க் கொடுக்கத் தொடங்கியது. மன்னிப்புக் கேட்பதோடு நிற்காமல் பணத்தை எண்ணி வைத்த நிறுவனங்கள் குறைவு என்பதால் சொல்கிறோம்.

பெண்களின் கதை இதே வழியில் இன்னொரு பூட்டு. நெடுங்காலம் பெண்களுக்கு 'டீக்கனஸ்' என்ற பணி மட்டும் இருந்தது. சேரியில் பள்ளி நடத்தலாம், நோயாளியைப் பார்க்கலாம், பீடத்தில் நிற்க முடியாது. ஆங்கிலிக்கன் உலகில் முதல் உடைப்பு போர்க்காலச் சீனாவில் நடந்தது. ஜப்பானியப் படையெடுப்பால் மக்காவுக்குக் குருக்கள் போக முடியவில்லை. அங்கே பணியில் இருந்த ஃப்ளாரன்ஸ் லீ டிம்-ஓய்க்கு 1944 ஜனவரி 25 அன்று ஹாங்காங் பேராயர் ஹால் குருப்பட்டம் கொடுத்தார். போர் முடிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. பேராயருக்குச் சங்கடம் வேண்டாம் என்று லீ உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆள் தட்டுப்பாட்டில் தகுதி பிறக்கிறது, தட்டுப்பாடு தீர்ந்ததும் இறையியல் திரும்பி வந்துவிடுகிறது.

எபிஸ்கோப்பல் சபையில் 1970 பொதுப் பேரவையில்தான் பெண்கள் பிரதிநிதிகளாக உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டே பெண் டீக்கன்கள் ஆண்களுக்குச் சமம் என்றானது. குருப்பட்டத் தீர்மானம் தோற்றது. 1973-ல் லூயிவில்லில் மறுபடி தோற்றது, இம்முறை தோற்ற விதம் பார்க்கத்தக்கது. ஒவ்வொரு திருமண்டலமும் குருமார் அணி, சபையார் அணி என்று தனித்தனியாக வாக்களிக்கும். ஓர் அணிக்குள் இரண்டுக்கு இரண்டு என்று பிளந்தால் அந்த அணியின் வாக்கு 'இல்லை' என்றே எண்ணப்படும். பாதிப் பேர் ஆம் என்று சொன்னாலும் கணக்கில் அது எதிர்ப்பு. சாதிக் கணக்குகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கணிதம் புதிதல்ல.

1974 ஜூலை 29 அன்று பதினோரு பெண் டீக்கன்கள் காத்திருப்பதை நிறுத்தினார்கள். பணியிலிருந்து விலகியும் ஓய்வு பெற்றும் இருந்த மூன்று பேராயர்கள் கோரிகன், டிவிட், வெல்ஸ் அவர்களுக்குப் பட்டம் கொடுக்க முன்வந்தார்கள். பட்டம் பெற்றவர்களில் ஒருவர் வெல்ஸின் மகள். இன்னொருவர் 79 வயது ஜெனட் பிக்கார்ட், 1934-லேயே பலூனில் அடுக்குவளி மண்டலத்துக்குப் போய்வந்தவர். வானத்துக்குப் போக அனுமதி கிடைத்தது, பீடத்துக்குக் கிடைக்க நாற்பதாண்டு. இது நடந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பிலடெல்பியாவின் வடபகுதியில், கறுப்பர் குடியிருப்பில் இருந்த 'சர்ச் ஆஃப் தி அட்வகேட்' சபை. அதன் குரு பால் வாஷிங்டன். 1968-ல் கறுப்பர் அதிகார மாநாட்டுக்குக் கதவு திறந்த கோயில் அது. அன்று சிலுவை தூக்கி ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தவர் அந்தச் சபையின் வார்டன் பார்பரா ஹாரிஸ், கறுப்பினப் பெண். பட்டம் பெற்ற பதினொருவரும் வெள்ளையர். இந்த முரணைப் பலரும் பேசாமல் விடுகிறார்கள். விடுதலைக்கு இடம் கொடுப்பது ஒடுக்கப்பட்டவர்களின் வீடு, முதலில் உள்ளே போவது வேறு யாரோ. பெண்ணியக் கூட்டங்களில் தலித் பெண்கள் இதைச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

பேராயர்கள் அடுத்த மாதமே சிகாகோவில் அவசரமாகக் கூடி அந்தப் பட்டம் செல்லாது என்றார்கள். அந்தப் பெண்களைத் திருவிருந்து நடத்த விட்ட குருமார் சபை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். 1975 செப்டம்பரில் வாஷிங்டனில் இன்னும் நால்வர் பட்டம் பெற்றார்கள். 1976-ல் மினியாபோலிஸ் பேரவை விதியைத் திருத்தியது. 1977 ஜனவரி 1 முதல் பெண்கள் முறைப்படி குருவாகலாம். முன்னர்ப் பட்டம் பெற்றவர்களுக்கு மறுபடி கைவைக்கத் தேவையில்லை என்று முடிவானது. செல்லாத பட்டம் எப்படிச் செல்லுபடியானது என்ற கேள்விக்கு நல்ல பதில் எதையும் யாரும் சொல்லவில்லை.

அந்த முதல் மாதத்தில், ஜனவரி 8 அன்று, வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் பட்டம் பெற்றவர்களில் ஒருவர் பாலி மரே. 66 வயது. அந்தத் திருச்சபையில் குருவான முதல் கறுப்பினப் பெண். 1938-ல் வட கரோலினா பல்கலைக்கழகம் நிறத்துக்காக அவரை மறுத்தது. ஹவர்ட் சட்டப் பள்ளியில் முதலிடத்தில் தேறிய பிறகு ஹார்வர்ட் அவர் பெண் என்பதற்காக மறுத்தது. இரண்டையும் சேர்த்து அனுபவித்ததால் இனஒதுக்கலுக்கு இருந்த 'ஜிம் குரோ' என்ற பெயரோடு 'ஜேன் குரோ' என்ற பெயரையும் அவர் வைத்தார். நிறத்தைப் பற்றிய மாநிலச் சட்டங்களைத் தொகுத்து 1951-ல் அவர் வெளியிட்ட நூல் இனஒதுக்கலை எதிர்த்த வழக்கறிஞர்களின் கைநூலானது. அம்பேத்கரை வாசித்த நமக்கு, சட்டத்தையும் மதத்தையும் ஒரே கையில் பிடித்த இந்தப் பெண் அந்நியராகத் தெரியவில்லை. பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, அறுபது வயது தாண்டி, கிரம்மெலைத் துரத்திய அதே ஜெனரல் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களுக்குக் குருப்பட்டம் உண்டா என்று தெரியாத நாளில்தான் சேர்ந்தார்.

1977 பிப்ரவரி 13 அன்று சாப்பல் ஹில்லில் உள்ள 'சாப்பல் ஆஃப் தி கிராஸ்' கோயிலில் அவர் முதல் திருவிருந்தை நடத்தினார். அவருடைய பாட்டி கொர்னீலியா அடிமைக் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற கோயில் அது. கொர்னீலியாவின் அப்பா எஜமானர் வீட்டு மகன், எப்படி என்று விளக்கத் தேவையில்லை. ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்தவர் அந்த மகனின் சகோதரி மேரி ரஃபின் ஸ்மித். பாட்டியின் வேதாகமத்திலிருந்து மரே வாசித்தார். அதை வைத்து வாசித்த மேசையில் மேரி ரஃபின் ஸ்மித்தின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் வரிசையில் வந்து அவர் கையிலிருந்து அப்பம் வாங்கினார்கள். தரங்கம்பாடியில் 1741-ல் நடக்கக் கூடாது என்று அஞ்சப்பட்டது அங்கே அன்று நடந்தது.

சிலுவை தூக்கி நடந்த பார்பரா ஹாரிஸ் 1980-ல் குருவானார். மூன்றாண்டு இறையியல் பட்டம் அவரிடம் இல்லை, வேறு வழியில் படித்துத் தேறியவர். எண்ணெய் நிறுவனமொன்றில் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்தவர், மணமுறிவு பெற்றவர். 1988-ல் மாசச்சூசெட்ஸ் அவரைத் துணைப் பேராயராகத் தேர்ந்தபோது இவை எல்லாம் குற்றச்சாட்டுகளாக வந்தன. ஜோன்ஸிடம் லத்தீன் கேட்ட குரலுக்கும் ஹாரிஸிடம் பட்டச் சான்றிதழ் கேட்ட குரலுக்கும் இரு நூறாண்டு இடைவெளி இருந்தாலும் சுருதி ஒன்றுதான். மற்றத் திருமண்டலங்களின் பெரும்பான்மைச் சம்மதமும் தேவைப்பட்டது, கிடைத்தது. கொலை மிரட்டல்கள் வந்தன. காவல்துறை குண்டு துளைக்காத அங்கி தர முன்வந்தது, வேண்டாம் என்றார். 1989 பிப்ரவரி 11 அன்று பாஸ்டனில் ஆங்கிலிக்கன் உலகின் முதல் பெண் பேராயரானார். அன்று அவரோடு பீடத்தில் நின்றவர்களில் லீ டிம்-ஓயும் ஒருவர். நம் தென்னிந்தியத் திருச்சபை நந்தியாலில் புஷ்பலலிதாவைப் பேராயராக்க 2013 ஆனது.

1976-ல் விதி மாறியதால் எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. மனசாட்சிப்படி பெண்களுக்குப் பட்டம் கொடுக்காமல் இருக்கலாம் என்று பேராயர்கள் 1977-ல் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சில திருமண்டலங்களில் அது இருபதாண்டு நீடித்தது. பெண் என்பதற்காக எவருக்கும் இந்த வழி மறுக்கப்படக் கூடாது என்று பேரவை கட்டாயப்படுத்தியது 1997-ல். அவர்களுடைய மனசாட்சி என்பது மேலிருந்து கீழே மட்டும் வேலை செய்யும் உறுப்பு போலிருக்கிறது.

பட்டம் வந்தாலும் சபை வர வேண்டும். எபிஸ்கோப்பல் முறையில் தலைமைக் குருவைத் தேர்வது அந்தந்தச் சபையின் வெஸ்ட்ரி. தேடல் குழு அமைத்து, விண்ணப்பம் வாங்கி, நேர்காணல் செய்து அழைப்பார்கள். முதல் கதவில் நின்ற அதே அண்டை அயலார் கடைசிக் கதவிலும் நிற்கிறார்கள். துணைக்குருவாகப் பெண் வரலாம், பகுதிநேரமாக வரலாம், நலிந்த சிறிய சபைக்கு வரலாம். பெரிய சபைக்குத் தலைமையாக என்று வரும்போதுதான் 'எங்கள் மக்கள் இன்னும் தயாராகவில்லை' என்ற வாக்கியம் வரும். அமெரிக்காவிலும் அதே வாக்கியம்தான். பாலி மரேக்கு நிரந்தரமான முழுநேரச் சபை கடைசி வரை கிடைக்கவில்லை. சின்னச் சபைகளில் பணி செய்தார். குருமார் 72 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்ற விதி அவரை 1982-ல் எட்டியது.

அம்பேத்கரின் திட்டத்தை இப்போது மறுபடி எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. அவர் தேர்வோடு நிறுத்தவில்லை. புரோகிதர் அரசு ஊழியர், எண்ணிக்கை சட்டப்படி என்றார். சனத்துக்கும் பணிக்கும் நடுவில் தெருவாசிகளின் கையெழுத்து நுழைய அவர் இடம் வைக்கவில்லை. தமிழ்நாட்டில் அர்ச்சகர் பரம்பரை உரிமையை நீக்கும் சட்டம் 1970-ல் வந்தது. 1972-ல் உச்ச நீதிமன்றம் சேஷம்மாள் வழக்கில் அதை ஏற்று, நியமனம் ஆகமப்படி இருக்க வேண்டும் என்ற கொக்கியையும் போட்டது. 2006 ஆணைக்குப் பிறகு பயிற்சிப் பள்ளிகள் வந்தன. படித்து முடித்துத் தீட்சையும் பெற்றவர்களில் பலர் 2021 ஆகஸ்டு வரை சான்றிதழை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். 2023-ல் திருவரங்கத்தில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். சான்றிதழ் தருவது அரசு. கருவறைக்குள் அவர்கள் நிற்பதற்கு இன்னும் எத்தனை பேரின் சம்மதம் வேண்டும், அந்தப் பட்டியலை எழுதி வைத்திருப்பவர் யார் என்பதைக் கலந்துரையாடலில் பேசலாம்.